முதலில் ஒட்டு, பிறகே கோலம்: அடுக்கு எஃகும் பல உலோக அடுக்கும்

டமாஸ்கஸ் கத்தி என்று தேடினால் அலையலையாகக் கோடோடும் கத்திகள் இணையம் முழுக்க வந்து விழும். படத்துக்குக் கீழே விற்பவர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டே சங்கதி. கடின எஃகும் மென் எஃகும் மாறி மாறி இருப்பதால் கூரும் உறுதியும் ஒருசேரக் கிடைக்கும் என்பது ஒன்று. ஆயிரம் முறை மடித்து அடித்தது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. இரண்டும் ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால், எஃகுத் தகடுகளை அடுக்கிச் சூட்டில் அடித்து ஒரே பாளமாக ஒட்டும் இந்த அடுக்கு எஃகு வேலையில் பாதி விளங்கிவிடும்.

கருப்பும் வெளுப்பும்

இன்று அடுக்கு எஃகு செய்கிறவர்கள் அதிகம் எடுக்கும் ஜோடி 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகள். முன்னதில் கார்பன் சுமார் 0.84 சதவீதம், கூடவே முக்கால் சதவீதம் அளவுக்கு மாங்கனீசு. பின்னதில் கார்பன் 0.75 சதவீதம், நிக்கல் 2 சதவீதம். மரம் அறுக்கும் பட்டை வாள்களுக்குப் போகிற எஃகு அது. இரண்டையும் ஒட்டி, தீட்டி, பெர்ரிக் குளோரைடு என்ற அரிக்கும் கரைசலில் நனைத்தால் 1084 அரிக்கப்பட்டுக் கருக்கும். நிக்கல் உள்ள அடுக்கு அமிலத்துக்கு அசையாமல் வெளுப்பாகவே நிற்கும். கோலம் என்று கண்ணுக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான்.

ஜாவாவின் கிரிஸ் குத்துவாள் செய்தவர்கள் இதை எப்போதோ பிடித்துவிட்டார்கள். பிரம்பனான் பக்கம் கிடைத்த விண்கல்லை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோய், அதன் நிக்கல் நிறைந்த இரும்பைச் சாதா இரும்போடு அடுக்கி அடித்தார்கள். எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்சனிக் தாதுவைப் பூசியதும் சாதா இரும்பு கருத்துவிடும், விண்கல் இரும்பு பளிச்சென்று நிற்கும்.

அப்படியானால் கார்பன்? சிவந்த எஃகுக்குள் கார்பன் வேகமாக நகரும். ஒட்டும் சூடான 1200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பரவிவிடும். நூறு அடுக்கு உள்ள 6 மில்லிமீட்டர் பட்டையில் ஓர் அடுக்கின் கனம் 0.06 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு மூன்று சூட்டுக்குள் எல்லா அடுக்கிலும் கார்பன் சமமாகிவிடும். கடின அடுக்கு, மென் அடுக்கு என்று எதுவும் மிஞ்சாது. நிக்கல் அதைப் பார்க்கப் பல ஆயிரம் மடங்கு மெதுவாக நகர்வது, அதனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். கோலம் பிழைப்பதும் அதனால்தான். ஒரு வாசகமாகச் சொன்னால், நல்ல அடுக்கு எஃகுக் கத்தி ஒரே எஃகில் செய்த நல்ல கத்திக்குச் சமம். அதைவிட உசத்தி இல்லை.

மடிப்புக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 13 அடுக்கில் தொடங்கிப் பத்தே முறை இரண்டாக மடித்தால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் அடுக்கு. 4 மில்லிமீட்டர் கத்தியில் ஓர் அடுக்கு 0.0003 மில்லிமீட்டர்தான் வரும். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம் தெரியும், அவ்வளவுதான். ஆயிரம் மடிப்பு என்பதைக் கணக்கில் எழுதவே முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்து வைக்க வேண்டும். நம் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் எச்சம் கிடைத்திருக்கிற உருக்கு வேறு வகை. மண் குகையில் (உலோகம் உருக்கும் சிறு மண் பாத்திரம்) இரும்போடு ஆவாரங்குச்சியும் இலைதழையும் வைத்து மூடி உருக்கி எடுத்தது அது. அதன் கார்பன் சுமார் 1.5 சதவீதம். அதில் யாரும் எதையும் அடுக்கவில்லை. வனேடியம் போன்ற உலோகங்கள் துளியிலும் துளியாக இருப்பதால், குறைந்த சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போது இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிவரியாகச் சேர்கின்றன என்று உலோகவியலர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1998இல் காட்டினார்கள். பழைய டமாஸ்கஸ் வாள்களின் நீரோட்டம் அந்த வரிகள். அந்த உருக்கை ஒட்டும் சூட்டுக்கு ஏற்றினால் கார்பைடு கரைந்து கோலமே போய்விடும். அடுக்கு எஃகுக்கு அந்தச் சூடு இல்லாமல் ஒட்டே இல்லை. பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். கத்தி உலகில் இப்போது டமாஸ்கஸ் என்று விற்பது அநேகமாக எல்லாம் அடுக்கு எஃகுதான். 1973இல் அமெரிக்காவில் கத்தி செய்பவரான பில் மோரன் தன் அடுக்கு எஃகுக் கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகு பரவிய அலை இது.

அடுக்குவது

ஒருவர் முதல் பாளம் செய்வதற்கு நல்ல அளவு: 3 மில்லிமீட்டர் கனத்தில் 1084 ஏழு துண்டு, 1.5 மில்லிமீட்டரில் 15என்20 ஆறு துண்டு. ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர் அகலம், 150 நீளம். அடுக்கினால் 30 மில்லிமீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 1.4 கிலோ. இதில் கால் பங்காவது செதிலாகவும் (சூட்டில் மேலே படியும் ஆக்சைடு) தீட்டுத் தூளாகவும் வெட்டி எறியும் முனைகளாகவும் போகும். முடிவில் ஒரு கிலோ மிஞ்சினால் சந்தோஷப்படலாம்.

ஒவ்வொரு துண்டின் இரண்டு முகத்தையும் கருப்பு போகத் தீட்ட வேண்டும். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம், 36 அல்லது 60 எண் உப்புத்தாள் பட்டையின் கீறல் போதும். ஆனால் முகம் தட்டையாக இருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் அதிகம் தீட்டி நடுவில் மேடு விட்டால், அடுக்கும்போது ஓரத்தில் இடுக்கு விழும், ஒட்டும்போது தூவும் வெண்காரமும் (போராக்ஸ்) செதிலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அசிட்டோனில் துடைத்து, வெறும் கை படாமல் அடுக்கி, பிடியில் இறுக்கி, இரண்டு முனையிலும் ஓரங்களில் இரண்டிரண்டு இடத்திலும் வெல்டிங் வைக்க வேண்டும். கைப்பிடிக்கு ஒரு நீளக் கம்பியையும் ஒட்டிவிடலாம். குறட்டில் பிடிப்பதைவிட அதுவே வசதி.

பழைய அறுவை வாள் எல்லாம் 15என்20 என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. சிலவற்றில் நிக்கல் இருக்கும், பலவற்றில் இருக்காது. ஒரு சிறு துண்டைத் தீட்டி 1084 துண்டோடு சேர்த்து அமிலத்தில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே மாதிரி கருத்தால் அந்த வாளை விறகு அறுக்கவே விட்டுவிடலாம். பேரிங் எஃகான இஎன்31ஐ அடுக்கில் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் உள்ள ஒன்றரை சதவீதக் குரோமியத்தின் ஆக்சைடு வெண்காரத்தில் எளிதில் கரையாது. முதல் பாளத்துக்கு அது தோதுப்படாது. சுத்த நிக்கல் தகடும் அப்படித்தான். வெள்ளிக்கோடு போல அழகாகத் தெரியும், ஆனால் தோய்ச்சல் (சூடேற்றி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது) ஏறாது. வெட்டும் விளிம்பில் அது வந்தால் அந்த இடம் மழுங்கியே இருக்கும்.

சூடும் அடியும்

இரும்பு ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் செதில், அதாவது சூட்டில் மேலே படியும் இரும்பு ஆக்சைடு. வெண்காரம் அதைக் கரைக்கிறது. நீர் நீக்கிய வெண்காரம் 740 டிகிரி வாக்கில் உருகிக் கண்ணாடிபோல் ஓடி அடுக்கின் ஓரங்களை மூடி, காற்றையும் தடுக்கும். சாதா வெண்காரத்தைப் போட்டால் அதிலுள்ள நீர் கொதித்துப் பொங்கிப் பாதி கீழே கொட்டிவிடும். பாளம் மங்கிய சிவப்புக்கு வந்ததும் ஓரங்களில் தூவினால் போதும். அதற்கு முன் போட்டால் ஒட்டாது, ரொம்பத் தாமதித்தால் செதில் ஏற்கெனவே உள்ளே இருக்கும். எரிவாயு உலையின் பீங்கான் பஞ்சை இதே வெண்காரம் தின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தரையில் சூளைப் பலகை ஒன்று போட்டுவைப்பது நல்லது.

வெண்காரமே வேண்டாம் என்பவர்கள் எல்லா ஓரத்தையும் வெல்டிங்கால் முழுக்க மூடிவிடுகிறார்கள். அல்லது அடுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து உலையில் வைக்கிறார்கள். எண்ணெய் எரிந்து இடுக்கில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தட்டையாகத் தீட்டியிருந்தால் இந்த முறை சுத்தமானது, மேடுபள்ளத்தை மட்டும் மன்னிக்காது.

உலைச்சுடரில் காற்று குறைவாக, வாயு சற்றே அதிகமாக இருக்க வேண்டும். உலை வாயில் மெல்லிய மஞ்சள் நாக்கு நீட்டினால் சரியான நிலை. நீலமாகச் சீறினால் ஆக்சிஜன் மிகுதி, செதில் குவியும். மஞ்சள் நாக்கு என்றால் கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று பொருள். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் இந்த வேலை.

ஒட்டும் சூடு 1150 முதல் 1250 டிகிரி, பளிச்சென்ற மஞ்சள். வெண்காரம் உருகிய நெய் மாதிரி மேலே மினுமினுத்து ஓடும். மேல்தோல் அந்த நிறத்துக்கு வந்ததும் அவசரப்பட்டு வெளியே எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 30 மில்லிமீட்டர் கனத்தின் நடுவுக்குச் சூடு இறங்க இன்னும் சில நிமிடம் வேண்டும். பாளத்தை இரண்டு மூன்று முறை திருப்பி, எங்கும் நிழல் விழாமல் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூப்பூவாகப் பொறி பறந்தால் எல்லை தாண்டிவிட்டது. எஃகே எரிகிறது, அந்த இடம் உதிர்ந்துவிடும்.

முதல் அடி பலத்துக்கு அல்ல. ஹைட்ராலிக் பிரஸ் என்றால் நீளம் முழுக்க ஒரே சீராக இரண்டு மில்லிமீட்டர் அமுக்கினால் போதும். சம்மட்டி என்றால் கைப்பிடிப் பக்கத்திலிருந்து மறுமுனைக்கு, ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் மிதமான அடிகள். உருகிய வெண்காரமும் அதில் கரைந்த அழுக்கும் வெளியேற ஒரு பக்கம் வழி விட வேண்டும். இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்கு அடித்து வந்தால் அழுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெறிக்கும், தோல் ஏப்ரன் இல்லாமல் நிற்காதீர்கள். இதே சூட்டை மூன்று முறை கொடுத்த பிறகுதான் பாளத்தைப் பக்கவாட்டில் நிறுத்தி அடிக்கலாம். அதற்கு முன் நிறுத்தி அடித்தால் பாதி ஒட்டிய அடுக்குகள் வழுக்கிப் பிரியும்.

ஒட்டாத இடத்தைப் பாளமே காட்டிக்கொடுக்கும். உலையிலிருந்து எடுத்துச் சற்று ஆறவிட்டால், பிரிந்த மேல் அடுக்கு மற்ற இடத்தைவிட முன்னதாகக் கருக்கும். அடிக்கும்போது கணீர் என்று வராமல் தட்டையான சத்தம் வரும். ஓரத்தில் சிறிய பிரிவு என்றால் தீட்டித் திறந்து, வெண்காரம் விட்டு மறுபடி ஒட்டலாம். நடுவில் கொப்புளம் என்றால் அந்த அங்குலத்தை வெட்டி எறிவதே நேர்மை. அதன்மேல் எத்தனை கோலம் போட்டாலும் தோய்ச்சலின்போது டிக்கென்ற சத்தத்தோடு வாய் பிளந்துவிடும்.

ஒட்டு உறுதியானதும் 30 மில்லிமீட்டரை 10 ஆக இழுத்தால் நீளம் மூன்று மடங்காகும். நாலாக வெட்டி, முகங்களைத் தீட்டி, மறுபடி அடுக்கி ஒட்டினால் 13 நாலு முறை 52 என்று எண்ணத் தோன்றும். உண்மையில் 49தான். வெளிப்புற அடுக்கு இரண்டும் 1084 என்பதால் சேரும் இடத்தில் இரண்டு 1084 ஒன்றாகிவிடும். அடுத்த சுற்றில் 193. அந்தத் தடித்த கருப்புக் கோடு கோலத்தில் தெரிவது பிடிக்காதவர்கள் தொடக்கத்திலேயே இரட்டைப்படை எண்ணிக்கையில் அடுக்குவார்கள்.

கோலம் போடுவது

ஒட்டிய பட்டையை அப்படியே தட்டையாகத் தீட்டினால் மேல் அடுக்கு ஒன்றிரண்டுதான் தெரியும். கோலம் என்பது அடுக்குகளை மேலும் கீழும் நகர்த்திவிட்டு, குறுக்கே வெட்டிக் காட்டுவது. ஏணிக் கோலத்துக்கு 10 மில்லிமீட்டர் பட்டையில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்குப் பள்ளம், 12 மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம். மறுபக்கத்துப் பள்ளங்கள் இந்தப் பக்கத்துப் பள்ளங்களுக்கு நடுவே விழ வேண்டும். நேருக்கு நேர் வெட்டினால் பட்டை அங்கே இடுப்பு சிறுத்துவிடும். பிறகு சூடேற்றி, பள்ளம் மேலெழுந்து சமமாகும்வரை அடிக்க வேண்டும். பள்ளத்தின் அடி உருண்டையாக இருப்பது முக்கியம். கூர்மையான வெட்டாக இருந்தால் அடிக்கும்போது இரண்டு சுவரும் மடிந்து மூடிக்கொண்டு உள்ளே விரிசலாக நின்றுவிடும். பள்ளத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் டிரில்லால் 2 மில்லிமீட்டர் குழி போட்டால் மழைத்துளிக் கோலம். இவற்றுக்கு நூறிலிருந்து இருநூறு அடுக்கு அழகு. ஐந்நூறைத் தாண்டினால் தூரத்திலிருந்து எதுவும் தெரியாது.

முறுக்குக் கோலம்தான் ஒட்டுக்குப் பரீட்சை. 30 முதல் 80 அடுக்குள்ள சதுரக் கம்பியின் மூலைகளைத் தட்டி எண்கோணமாக்கி, நல்ல மஞ்சள் சூட்டில் முறுக்க வேண்டும். மூலையோடு முறுக்கினால் அந்த மூலைகளே மடிப்பாக உள்ளே போகும். ஒட்டுக் குறை எங்கிருந்தாலும் நூல் பிரிவதுபோல் இங்கே பிரிந்துவிடும். முறுக்கிய கம்பியை மேலாகத் தீட்டினால் சாய்வுக் கோடுகள், நடுவரை தீட்டினால் நட்சத்திரங்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு வாளில் இப்படி முறுக்கிய கம்பிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, விளிம்புக்குத் தனி எஃகு வைத்திருக்கிறார்கள்.

கத்தியின் சரிவை அடித்து உருவாக்குவதா, தீட்டி உருவாக்குவதா என்பதும் கோலத்தை மாற்றும். அடித்தால் அடுக்குகள் விளிம்புப் பக்கம் நெருங்கிச் சுருங்கும். தீட்டினால் அடுக்குகள் குறுக்கே வெட்டுப்பட்டுக் கோலம் விரியும். ஏணியோ துளியோ வேண்டும் என்றால் தீட்டுவதே மேல்.

தோய்ச்சலுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. 870, 820, 780 என்று இறங்குமுகமாக மூன்று முறை சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டு, 815 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் இறக்க வேண்டும். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை பதப்படுத்தினால் ராக்வெல் சி அளவில் கடினம் 60ஐ ஒட்டி நிற்கும். தோய்ச்சலுக்கு முன் அமிலத்தில் போட்டுப் பார்த்துக் கோலம் மங்கல் என்று மனம் உடைய வேண்டாம். தோய்ந்த எஃகுதான் நன்றாகக் கருக்கும்.

அமிலத் தொட்டி

சர்க்யூட் பலகைக்கு விற்கும் பெர்ரிக் குளோரைடு கரைசல் ஒரு பங்குக்கு, காய்ச்சி வடித்த நீர் மூன்று நாலு பங்கு. கத்தியை 800 எண் உப்புத்தாள்வரை ஒரே திசையில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, கழுவி, மேலே படிந்த கருமையை 2000 எண் தாளால் வருடிவிட்டு மறுபடி முக்க வேண்டும். மூன்று நாலு சுற்றில் விரல் நுனிக்கே மேடுபள்ளம் தட்டுப்படும். அடர்த்தியான கரைசலில் அவசரமாக அரித்தால் வெளுப்பு அடுக்கின் ஓரமும் கரைந்து கோடு சொரசொரக்கும். விரல்ரேகை பட்ட இடம் புள்ளியாக நிற்கும். முடிவில் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துரு. கருப்பு இன்னும் ஆழமாக வேண்டும் என்பவர்கள் கெட்டியாகக் கரைத்த இன்ஸ்டன்ட் காபியில் ஓர் இரவு போட்டு வைக்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் நன்றாக வேலை செய்கிறது. இந்தக் கரைசலை ஸ்டெயின்லெஸ் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஓட்டை விழும்.

வாங்குபவருக்கும் இதிலேயே சோதனை இருக்கிறது. சாதா எஃகின்மேல் கோடு அச்சிட்டு விற்பதும் உண்டு. உண்மையான அடுக்கு என்றால் கோடு கத்தியின் முதுகைக் கடந்து மறுபக்கம் போகும். கைப்பிடியை ஒட்டி ஓர் ஓரத்தைத் தீட்டிவிட்டு அமிலம் தொட்டால் கோலம் திரும்ப வரும். போலியில் வராது.

செம்பும் வெள்ளியும்

அமிலக் கருப்புக்குப் பதில் உலோகங்களின் சொந்த நிறத்தை வைத்து இதே வேலையைச் செய்தவர்கள் ஜப்பானியர். 17ஆம் நூற்றாண்டில் அகிதாவில் வாள் அணிகள் செய்த ஷோஆமி டென்பேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது மொகுமே கானே, அதாவது நிற உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டிக் கோலம் எடுக்கும் வேலை. அதில் அடுக்குவது செம்பு, வெள்ளி, செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்ந்த ஷகுடோ, செம்பில் கால் பங்கு வெள்ளி சேர்ந்த ஷிபுஇச்சி. ரொகுஷோ என்ற செம்பு உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் ஷகுடோ கருநீலமாகவும் ஷிபுஇச்சி சாம்பலாகவும் மாறும். நம் பக்கத்துக் கர்நாடகத்தின் பீதர் வேலையும் இதற்குத் தூரத்துச் சொந்தம். துத்தநாகக் கலவையில் வெள்ளி பதித்து, நவச்சாரமும் கோட்டை மண்ணும் கலந்து தேய்த்தால் துத்தநாகம் மட்டும் கருக்கும். ஆனால் அது மேலே பதிப்பது, அடுக்கு அல்ல.

எஃகில் பகை செதில் என்றால் இங்கே பகை உருகுநிலை. செம்பு 1085 டிகிரியிலும் வெள்ளி 962இலும் உருகும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடமோ 780 டிகிரியிலேயே உருகிவிடும். பழைய முறையில் கரி உலையில் பாளத்தின் ஓரம் வியர்ப்பதுபோல் பளபளக்கும் கணத்தைப் பார்த்து எடுத்தார்கள். சில நொடி தாமதித்தால் அடுக்கெல்லாம் ஒரே குழம்பு. இன்று பலரும் மின்சூளையில் 740 முதல் 760 டிகிரிக்குள் ஆறேழு மணி நேரம் வைத்து, எதுவும் உருகாமலேயே ஒட்டவைக்கிறார்கள். தகடுகளை இரண்டு தடித்த இரும்புப் பலகைக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இரும்பைவிடச் செம்பும் வெள்ளியும் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சூளைக்குள் அழுத்தம் தானாகவே ஏறும். பலகையில் சுண்ணக்கட்டிக் குழம்பு பூசாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் தாளில் கொஞ்சம் கரித்துண்டோடு சுற்றி வைத்தால் கரி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

கோலம் வெட்டுவதற்கு முன் பாளத்தின் கனத்தை மூன்றில் ஒரு பங்காவது அடித்துக் குறைத்துவிட வேண்டும், அதில்தான் ஒட்டு முறுகும். வேலையில் உலோகம் விறைக்கும்போதெல்லாம் 600 டிகிரிக்கு ஏற்றி இளக்க வேண்டும். ஓரத்தில் மயிரிழைப் பிரிவு தெரிந்தால் உடனே அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், விட்டால் அடுத்த அடியில் உள்ளே ஓடும். பிறகு ஏணிக்குச் சொன்ன அதே வேலை: பள்ளம் வெட்டு, உருளையில் விட்டுச் சமமாக்கு.

செம்பும் வெள்ளியும் சேர்ந்த மோதிரத்தை நேரடியாகத் தோலில் போட்டால் வியர்வையில் செம்பு முந்தி அரிக்கும், விரலும் பச்சையாகும். உள்ளே வெள்ளியிலோ தங்கத்திலோ ஒரு வளையம் வைத்துக் கட்டுவது அதற்காகத்தான். அளவு மாற்ற நகைக்கடைக்குக் கொண்டுபோனால் இது மொகுமே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடினப் பொடிவைக்கும் (உருகும் உலோகத்தால் நகையை ஒட்டும்) சூடு 780ஐ நெருங்கும், குறைந்த சூட்டில் உருகும் பொடியைத்தான் வைக்கச் சொல்ல வேண்டும்.